கன்றுகள் வாந்தி எடுப்பதில்லை

மார்லிஸ் டெக்கரிடம் "விட்டுடு" என்று சொன்னவர்கள் யாரும் அதற்கப்புறம் நிம்மதியாக இருந்ததில்லை என்று எங்கள் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. சாபம் கீபம் ஒன்றும் இல்லை. அவள் அந்த வார்த்தையைக் காதில் வாங்கவே மாட்டாள். சொன்னவர்தான் நாலு நாள் கழித்து ஊருக்கு முன்னால் அசடு வழிந்துகொண்டு நிற்க வேண்டியிருக்கும்.

வயது அறுபது. குள்ளம், அகலமான தோள், குதிகால் வரை தேய்ந்த ரப்பர் பூட்ஸ். முப்பத்தோரு வருடமாக ஹான்சல் பண்ணையில் கன்றுகளுக்குப் பால் கொடுப்பதுதான் வேலை. விஸ்கான்சினில் இதைச் சொன்னால் "அவ்வளவுதானா?" என்று கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், கேட்கட்டும். நானூறு மாடு கறக்கிற பண்ணையில் எந்நேரமும் அறுபது எழுபது கன்று இருக்கும். ஜனவரியில் மூக்கு மயிர் உறையும் குளிரில், வரிசையாக நிற்கும் வெள்ளைக் குடில் ஒவ்வொன்றிலும் குனிந்து வாளியை வைத்து, காதைத் தொட்டுச் சூடு பார்த்து, சாணியைப் பார்த்துக் கழிச்சல் உண்டா இல்லையா என்று சொல்ல வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று வேளை. கழிச்சல் கண்ட கன்றுக்கு அவளிடம் ஒரே சட்டம்தான். குடிக்கிறதா, கொடு. குடிக்கவில்லையா, தொண்டையில் குழாய் விட்டுக் கொடு. வயிறு காய விடாதே.

மாவட்டத்திலேயே கன்றுச் சாவு குறைந்த பண்ணை என்று ஒரு வருடம் கேடயம் கொடுத்தார்கள். கேடயத்தில் முதலாளி கர்ட் ஹான்சல் பெயர். அதோடு விட்டானா? ஆபீசில் அதை மாட்ட ஆணி அடிக்க மார்லிஸையே கூப்பிட்டான்! அவளும் போய் அடித்தாள், கொஞ்சம் கோணலாக. இன்றைக்கும் அது கோணலாகத்தான் தொங்குகிறது.

அவளுக்கு இது புதிதல்ல. எட்டு வயதிலிருந்து அப்பாவின் பண்ணையில் கன்று பார்த்தவள் அவள்தான். பண்ணை போனதோ அண்ணன் கேரிக்கு. "பொண்ணு எவனையாவது கட்டிக்கிட்டுப் போயிடுவா" என்று அப்பா சொன்னாராம். கேரி ஆறே வருடத்தில் பண்ணையை ஏப்பம் விட்டான். அவள் கட்டிக்கொண்ட வெர்லினுக்குக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை. அரிசோனாவுக்குப் போகலாம், நீயும் வா என்றான். "கன்னுங்களுக்கு யாரு பால் குடுக்கறது?" என்று கேட்டாள். மறு வருடம் வக்கீல் கடிதம் வந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு மாலைப் பாலுக்குக் கிளம்பிவிட்டாள். வளர்த்த கன்றுகளும் எதுவும் அவளுடையது இல்லை. கிடேரி தொழுவத்துக்கு, காளை லாரிக்கு. தனக்கென்று ஒரு உயிர் வீட்டில் இருந்ததே கிடையாது.

இந்த ஏப்ரலில் நடந்ததைச் சொல்கிறேன்.

பண்ணை நாய் பேட்ச் ஐந்து குட்டி போட்டிருந்தது. மாட்டின் குதிகாலைக் கடித்து ஓட்டுகிற ஜாதி. குட்டிகளுக்கு எட்டு வாரம் ஆகப்போகிறது, தடுப்பூசி போட்டுவிடு என்று மாட்டு டாக்டர் டைஸ் அம்மாள் இரண்டு தடவை சொல்லிவிட்டார். கர்ட், "சேறு காயட்டும், வயல் வேலை முடியட்டும்" என்றான். சேறு காய்வதற்குள் பார்வோ வந்துவிட்டது. குட்டி நாயின் குடலைத் தின்கிற வைரஸ். மேலும் கீழும் போய்க்கொண்டே இருக்கும், ரத்தமாகப் போகும். அந்த நாற்றத்தை ஒரு தடவை மோந்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஞாயிறு சாயங்காலம் முதல் குட்டி போனது. திங்கள் காலைப் பால் முடிந்து மார்லிஸ் தீவனக் கொட்டகைக்குப் போனபோது நாலு போயிருந்தன. ஐந்தாவது சாக்குமேல் சுருண்டு கிடந்தது. ஒரு காது கறுப்பு, ஒரு காது சாம்பல்.

கர்ட் துப்பாக்கி எடுக்க வீட்டுக்குப் போயிருந்தான். திரும்பி வந்தபோது குட்டி மார்லிஸின் கோட்டுக்குள் இருந்தது, அவள் தன் வண்டிக் கதவைத் திறந்துகொண்டிருந்தாள்.

"மார்லிஸ், அத கீழ வை."

"முடியாது."

"அது என் நாய்."

"ஊசி போடச் சொன்னப்ப யாரு நாயாம்?"

பால் கறக்கும் எலியாசர் கதவோரம் நின்று வாயைப் பொத்திக்கொண்டான். வெராக்ருஸ் ஊர்க்காரன், பண்ணைக்கு வந்து ஒன்பது வருடம். அவளை 'டோன்யா மார்லிஸ்' என்று கூப்பிடுவான், அவன் ஊரில் அது மரியாதை.

கர்ட்டுக்குக் காது சிவந்துவிட்டது. "அத வெச்சுக்கிட்டு வதைக்கப் போற, அவ்வளவுதான். சனிக்கிழம மத்தியானம் வரைக்கும் பாக்கறேன். அதுக்குள்ள எழுந்து நிக்கலன்னா நானே வந்து முடிச்சுடுவேன். சொல்லிட்டேன்."

"வாயேன். பூட்ஸ கழட்டிட்டு வா."

"டோன்யா மார்லிஸ், உங்க குளியல் தொட்டி இனிமே அம்பேல்" என்றான் எலியாசர்.

"நான் என்ன கல்யாணத்துக்கா போறேன், குளிக்கறதுக்கு?"

அவள் வீடு தீவன ஆலைக்குப் பின்னால் நிற்கும் நீள டிரெய்லர் வீடு. குளியல் தொட்டியில் பழைய துண்டுகளைப் போட்டு, பிறந்த கன்றுக்குப் போடும் கம்பளிச் சட்டையை நாலாய் மடித்து, மேலே சூட்டு விளக்கைக் கட்டித் தொங்கவிட்டு, குட்டியைக் கிடத்தினாள். வாசலில் ஒரு தட்டில் பிளீச் தண்ணீர். பேட்சுக்கோ வேறு நாய்க்கோ தன் கால் வழியாக எதுவும் போய்விடக்கூடாது. குட்டிக்குப் பெயர் வைக்கவில்லை. "ஏய்" என்றுதான் கூப்பிட்டாள்.

இதுவரைக்கும் எல்லாம் சரி. அடுத்தது தப்பு. ஊரில் வேறு யாரும் செய்யாத தப்பு, அவளால் மட்டுமே செய்ய முடிந்த தப்பு.

கழிச்சல் கண்ட கன்றுக்குக் கொடுக்கிற உப்புச் சர்க்கரைப் பொடியை வெந்நீரில் கலந்தாள். பெரிய சிரிஞ்சில் எடுத்து, குட்டியின் கடைவாயில் விட்டாள். முழுங்கியது. பத்து நிமிடத்தில் அத்தனையும் வாந்தி. மார்லிஸ் துடைத்துவிட்டு மறுபடி கொடுத்தாள். மறுபடி வாந்தி. வயிறு காயக்கூடாதே! போனதைவிடக் கொஞ்சம் கூடவே கொடுத்தாள். மத்தியானப் பால் முடிந்து ஓடி வந்து கொடுத்தாள், மாலைப் பால் முடிந்து கொடுத்தாள். கை பழகிய கை. முப்பத்தோரு வருடத்தில் ஆயிரக்கணக்கான கன்றுகளை எமன் வாயிலிருந்து இழுத்து வந்த கை. அந்தக் கையை அவள் எதற்குச் சந்தேகப்பட வேண்டும்?

செவ்வாய் மத்தியானம் குட்டியின் வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தாள். நாக்கு சில்லென்று இருந்தது. ஈறு மெழுகுபோல் வெளுத்திருந்தது. கன்றின் வாய் அப்படிச் சில்லிட்டால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும்.

கழிச்சலுக்காக அவள் டாக்டருக்குப் போன் செய்ததே கிடையாது. அது அவளுக்கு ஒரு கௌரவம். கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டு நம்பரை அழுத்தினாள். டைஸ் அம்மாளுக்கு முப்பத்தைந்து வயதுதான் இருக்கும், யார் வீட்டு மாட்டுக்குள்ளோ கையை விட்டுக்கொண்டு பேசினார்.

"வாய் வழியா எவ்வளவு குடுத்தீங்க மார்லிஸ்?"

சொன்னாள்.

"எத்தன தடவ?"

அதையும் சொன்னாள். அந்தப் பக்கம் மாடு ஒன்று கத்தியது.

"மார்லிஸ், கன்னுக்குட்டி வாந்தி எடுக்காது."

அவள் கழிப்பறை மூடிமேல் உட்கார்ந்துவிட்டாள். இத்தனை வருடத்தில் வாந்தி எடுத்த ஒரு கன்றைக்கூட அவள் பார்த்ததில்லை. வாயில் போனது கீழேதான் போகும். அதனால் கொடுத்தது வீணாகாது. இந்த ஒற்றை வயிற்றுப் பிராணிக்கு ஊற்ற ஊற்ற உள்ளே இருந்ததும் சேர்ந்து வெளியே வந்திருக்கிறது.

"அப்போ நான்தான் அத கொன்னுக்கிட்டு இருந்தேனா?"

"ஆமா" என்றார் டாக்டர். "இப்ப நிறுத்துங்க. அரை மணில வரேன்."

எனக்கு அந்த டாக்டரைப் பிடிக்கும். "அப்படியெல்லாம் இல்லீங்க" என்று தடவிக்கொடுக்கிற ஆள் இல்லை.

வந்தார். சாணி படிந்த ஓவரோலைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, உப்புத் தண்ணீர்ப் பையைத் துணி காயப்போடும் கம்பியில் மாட்டி, குட்டியின் தோளுக்கிடையே தோலைக் கூடாரம்போலத் தூக்கி ஊசி குத்திக் காட்டினார். தோலுக்கடியில் தண்ணீர் இறங்கி முதுகில் ஒரு திமில் எழும்பியது. ஒரு நாளைக்கு மூன்று வேளை இப்படி. ஈறில் சோளப்பாகு தடவ வேண்டும். தினம் ஒரு தடவை வாந்தி நிறுத்தும் ஊசி.

"இந்த ஊசி பயங்கரமா எரியும். நாயெல்லாம் வீடே இடியற மாதிரி கத்தும்" என்று சொல்லிக்கொண்டே போட்டார். குட்டி ஒரு முனகல்கூட இல்லாமல் கிடந்தது. டாக்டர் முகம் மாறியதை மார்லிஸ் கவனித்தாள்.

"ரெண்டு மணி நேரம் ஓட்டினா பெரிய ஆஸ்பத்திரி இருக்கு. அங்க நரம்புல ஏத்துவாங்க. வாய்ப்பு ஜாஸ்தி. இங்க பாதிக்கும் கீழதான்."

"அங்க சேக்க எனக்கு வசதி இல்ல. கர்ட் ஒரு சல்லி தரமாட்டான். இங்கயே பாத்துக்கறேன்."

"அப்போ ஒண்ணு. வாந்தி நின்னு அரை நாள் ஆகற வரைக்கும், ஈறுல தடவறத தவிர வாயில ஒரு சொட்டு போகக்கூடாது. தண்ணிகூட. உங்களால முடியுமா?"

"இது என்ன பெரிய..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள்.

பெரிதுதான். அன்றிலிருந்து மூன்று நாள், அறுபத்தெட்டு கன்றுகளுக்கு ஊட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, ஒன்றுக்கு மட்டும் ஊட்டாமல் இருந்தாள். அவளுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் ஊட்டுவது. குட்டி நாக்கை நீட்டி உலர்ந்த உதட்டை நக்கும்போதெல்லாம் அவள் கை தானாகத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போகும். தன் கையைத் தானே மறு கையால் பிடித்துக்கொள்வாள். பையை வெந்நீரில் வைத்துச் சூடாக்கினாள், ஊசி குத்தினாள், துண்டு மாற்றினாள், பிளீச் போட்டுத் தேய்த்தாள். பண்ணையில் பால் அறை ஹோஸ் பைப்பில் குளித்தாள். தீவன ஆலைப் பையன்கள் அவளைக் கண்டதும் மூக்கைப் பிடித்தார்கள். "புடிச்சு நல்லா அழுத்துங்க, கழண்டு விழுந்துடப்போவுது" என்றாள். வாராவாரம் ஊரே கூடுகிற வெள்ளிக்கிழமை மீன் சாப்பாட்டுக்குப் பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாக அவள் வரவில்லை. அவள் மேசையில் வேறு யாரோ உட்கார்ந்து, மார்லிஸுக்குக் கழன்றுவிட்டது என்று பேசினார்கள். நானும் அங்கேதான் இருந்தேன். ஒன்றும் சொல்லாமல் உருளைக்கிழங்கு தின்றுகொண்டிருந்தேன், வெட்கக்கேடு.

கர்ட் தினமும் குடில் வரிசைக்கு வந்து ஒரே கேள்வி கேட்பான்.

"இருக்கா?"

"இருக்கு."

"நிக்குதா?"

"சனிக்கிழம ஆயிடுச்சா?"

வியாழக்கிழமை குட்டி ரத்தமாகப் போட்டது. கண் உள்ளே போய்விட்டது. எரிகிற ஊசியைப் போட்டாள், தோல்கூட அசையவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானப் பாலுக்கு அவள் கண் வீங்கி வந்ததைப் பார்த்து எலியாசர் இரண்டு வாளியைத் தானே தூக்கிக்கொண்டான்.

"டோன்யா மார்லிஸ், ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கோவிச்சுக்குவேன். கேளு."

"இது நாய்க்காகவா, கர்ட்டுக்காகவா?"

சுள்ளென்று வந்தது அவளுக்கு. வாளியை வைத்துவிட்டு அவனைப் பார்த்தாள். வாய்வரை வந்த வசவை முழுங்கினாள். கேள்வி சரியான கேள்வி. கர்ட்டிடம் தோற்கக்கூடாது என்பதற்காக ஒரு உயிரைக் கிடத்தி வைத்து ஊசி ஊசியாகக் குத்துகிறாளா? கர்ட்டிடம் மட்டுமா? அப்பாவிடம், கேரியிடம், வெர்லினிடம், கேடயத்தில் பெயர் எழுதினவனிடம், எல்லோரிடமும் தோற்கக்கூடாது என்றா? அத்தனை பேர் கணக்கையும் ஆறு பவுண்டு குட்டி எப்படித் தாங்கும்?

"பாதி பாதி" என்றாள்.

"அப்போ சரி. பாதி நாய்க்கு இருக்கே" என்றான் எலியாசர். வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

வீட்டுக்கு வந்து தொட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "ஏய். போறதுன்னா போ. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். கர்ட்டுக்காக நீ இருக்க வேணாம். எனக்காகவும் வேணாம்" என்றாள். சொல்லும்போதே அழுகை வந்தது. "ஆனா இருந்தா நல்லா இருக்கும். சத்தியமா ரொம்ப நல்லா இருக்கும்." இதை அவள் யாரிடமும் இதுவரை சொன்னதில்லை. வெர்லினிடம்கூட.

அன்றைக்குக் காலையோடு வாந்தி நின்றிருந்தது. சாயங்காலம் ஒரு டீஸ்பூன் தண்ணீர் விட்டாள், விட்டுவிட்டுக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தங்கியது. கால் மணிக்கு ஒரு டீஸ்பூன், அதற்குமேல் ஒரு துளி இல்லை. சனிக்கிழமை காலை கோழிச் சாறு ஒரு டீஸ்பூன். அதுவும் தங்கியது. ஆனால் எழுந்து நிற்கவில்லை. தலையைக்கூடத் தூக்கவில்லை, துண்டுமேல் ஈரத் துணிபோலக் கிடந்தது.

மணி ஒன்றரைக்கு கர்ட் வண்டி வந்து நின்றது. சொன்னபடி வந்துவிட்டான், அதைப் பாராட்டத்தான் வேண்டும். பூட்ஸைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு, சாக்ஸுக்குமேல் அவள் கொடுத்த பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு, குளியலறை வாசலில் வந்து நின்றான். துப்பாக்கி வண்டியில் இருந்தது. அவள் ஜன்னல் வழியாகப் பார்த்திருந்தாள்.

கர்ட் தொட்டியைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். கத்துவதற்குத் தயாராக வந்தவன், குரல் இறங்கிவிட்டது.

"போதும் மார்லிஸ். உன் மூஞ்சிய கண்ணாடில பாத்தியா? அதுக்கும் போதும், உனக்கும் போதும். நீ யாரையும் கைவிடல. உன்னால ஆனத செஞ்சுட்ட."

அவன் திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். இப்படிப் பேசினால் என்ன செய்வது? அவளுக்கு ஒரு கணம் எல்லாம் விட்டுப்போனது போலிருந்தது.

"இன்னிக்கு ஊசி ஒண்ணு பாக்கி" என்றாள். "அத போட்டுக்கறேன். அப்புறம் பேசலாம்."

"எதுக்கு வீணா..."

"பாக்கி இருக்கு கர்ட்."

அவன் கதவில் சாய்ந்துகொண்டான். மார்லிஸ் மருந்தை எடுத்தாள். தோலைத் தூக்கினாள். குத்தி மெதுவாக அழுத்தினாள்.

குட்டி சுருண்டு திரும்பியது. அந்தச் சின்ன நெஞ்சிலிருந்து இரும்பு வாளியைச் சிமென்ட்டில் இழுத்ததுபோல ஒரு உறுமல். அடுத்த நொடி அவள் மணிக்கட்டுச் சதையில் பாற்பல் அத்தனையும் இறங்கியது.

"ஐயோ, கடிக்குது! கைய இழு!" என்று கர்ட் கத்தினான்.

அவள் இழுக்கவில்லை. ரத்தம் துளித்து ஓடியது. குட்டி விடவில்லை. பல்லை ஊன்றுவதற்காகக் காலை ஊன்றியது, முன்னங்கால் இரண்டு, பிறகு நடுங்கி நடுங்கிப் பின்னங்கால் இரண்டும். நாலு காலில் நின்றுகொண்டு, கறுப்புக் காதும் சாம்பல் காதும் பின்னால் மடங்க, அவளைக் கடித்துக்கொண்டிருந்தது.

"கடி" என்றாள் மார்லிஸ். "கடிடா ராஜா. நல்லா கடி." கண்ணீர் கொட்டுகிறது, சிரிக்கிறாள், மூக்கைத் துடைக்க ஒரு கை இல்லை. "அஞ்சு நாளா அந்த ஊசி போடறேன். இப்பத்தான் உனக்கு வலிக்குது!"

அப்புறம் கால் மடங்கிக் குட்டி பொத்தென்று உட்கார்ந்தது. ஆனால் கண்ணை மூடவில்லை. உட்கார்ந்தபடியே உறுமியது.

கர்ட் கழிப்பறை மூடிமேல் உட்கார்ந்தான். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான், மறுபடி மாட்டிக்கொண்டான். "நின்னுடுச்சு" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "நல்ல ரத்தம் அது. மாட்ட ஓட்டறதுக்கு இதவிட நாய் கிடைக்காது. மே மாசம் பண்ணைக்கு..."

"முடியாது."

"மார்லிஸ், அது என் நாய்."

"யாரைக் கடிச்சுதோ அவங்க நாய்" என்றாள். எழுந்து மணிக்கட்டைச் சோப்புப் போட்டுக் கழுவினாள், சமையல் துண்டைச் சுற்றினாள். கடிகாரம் ஒன்றே முக்காலைக் காட்டியது. கோட்டை எடுத்தாள்.

"எங்க போற?"

"ரெண்டு மணிக்குக் கன்னுங்களுக்குப் பால். உன் கன்னுங்கதான். சாறு அந்தக் கிண்ணத்துல இருக்கு. கால் மணிக்கு ஒரு டீஸ்பூன். பாவமா பாக்குதேன்னு ரெண்டு குடுத்த, தொலைஞ்ச."

"நானா? எனக்கு வேலை கெடக்கு..."

"உக்காரு கர்ட்."

உட்கார்ந்தான்.

அவள் திரும்பி வர ஐந்து மணி ஆனது. எலியாசருக்குச் சொல்ல வேண்டியிருந்தது, டாக்டருக்குச் சொல்ல வேண்டியிருந்தது, பிறகு அறுபத்தெட்டு கன்றுகளிடமும் தனித்தனியாகச் சொல்லியிருக்கிறாள் போலிருக்கிறது. வாசலில் பூட்ஸைக் கழற்றும்போதே குரல் கேட்டது. "இன்னும் மூணு நிமிஷம் இருக்கு. நான் என்ன செய்யட்டும், அவ கொன்னுடுவா." நானூறு மாட்டுக்குச் சொந்தக்காரன் தொட்டிக்குப் பக்கத்தில் முட்டி போட்டிருந்தான், ஒரு கையில் ஸ்பூன், முன்னால் கைக்கடிகாரம். குட்டி தொட்டி விளிம்பில் தாடையை வைத்துக்கொண்டு அவனைப் பார்த்துக் குரைத்துக்கொண்டிருந்தது.

கர்ட் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். அதில் கழிப்பறைக் காகிதம் சுற்றி, சிவப்பு ஊறியிருந்தது.

"என்னையும் கடிச்சுடுச்சு" என்றான். "இப்ப என்ன சொல்ற?"

மார்லிஸ் அவன் கையிலிருந்து ஸ்பூனை வாங்கிக்கொண்டாள். "என்னத்தான் மொதல்ல கடிச்சது" என்றாள். "தள்ளி உக்காரு."